சத்து, ஊக்கம், ஸ்டீராய்டு: வளர்மாற்ற மருந்தின் தமிழக வரலாறு – இலஞ்சி, குற்றால வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தசையைப் பெருக்கும் வளர்மாற்ற ஸ்டீராய்டுகள் விளையாட்டுக் களத்தின் வழியாகவே தமிழகத்துக்கு வந்தன என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அவை அதற்கு முன்பே மருந்துச் சீட்டின் வழியாக, 'சத்து' என்னும் பெயரில் இல்லங்களுக்குள் நுழைந்தன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. சத்து, டானிக், ஊக்கமருந்து, ஸ்டீராய்டு ஆகிய சொற்கள் இம்மருந்துகளின் உடல்நலக் கேட்டை எவ்வாறு மறைத்தன என்பதே ஆய்வின் மையம்.

திறவுச்சொற்கள்: வளர்மாற்ற ஸ்டீராய்டு, சத்து, டானிக், ஊக்கமருந்து, தேகப்பயிற்சி, இலஞ்சி, குற்றாலம்.

முன்னுரை

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே அமைந்த இலஞ்சி, திருப்புகழ் பெற்ற குமாரர் கோயிலால் அறியப்படும் பேரூர். சாரல் பருவத்தில் தென்காசி வழியே அருவிக்கு வருவோர் பலர் இவ்வூரைக் கடந்து செல்கின்றனர். உடல்வலிமை குறித்த மூன்று காலத்துச் சிந்தனைகள் இவ்வட்டாரத்தில் இன்றும் அருகருகே வாழ்கின்றன. அருவிக்கரையில் உடலெங்கும் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவோர் உள்ளனர். கடைவீதியில் தேனும் மூலிகையும் லேகியமும் விற்கப்படுகின்றன. தமிழகத்தின் பிற சிறுநகரங்களைப் போலவே இங்கும் இளைஞர்கள் 'ஜிம்'முக்குச் செல்கின்றனர். புரதப் பொடி டப்பாக்கள் அவர்களுக்குப் பழகிய பொருளாகிவிட்டன.

இம்மூன்றையும் இணைக்கும் சொல் ஒன்று உண்டு. அது 'சத்து'. எண்ணெய் உடலில் ஊறினால் சத்து. லேகியம் உண்டால் சத்து. பொடியைக் கரைத்துக் குடித்தாலும் சத்து. மருத்துவரிடம் செல்லும் முதியவர் 'ஒரு சத்து ஊசி போடுங்கள்' என்று கேட்பதும் இவ்வழக்கின் தொடர்ச்சியே. ஊட்டப்பொருளுக்கும் சுரப்புநீருக்கும் இடையே உள்ள வேறுபாடு இச்சொல்லில் கரைந்துபோகிறது. அவ்வாறு கரைந்ததன் விளைவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லும் கட்டையும்

வலிமையைப் போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் புறநானூற்றில் (80) பாடுகிறார். ஏழாம் நூற்றாண்டின் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்னும் பட்டத்தைத் தாங்கினான். தென்மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல் தூக்கும் வழக்கம் இருந்தது. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி அப்போட்டி இன்றும் நடைபெறுகிறது. திருமணத்துக்குத் தகுதியுடையவன் என்று காட்டுவதற்கான கல் என்பதால் 'கல்யாணக்கல்' என்றும் அது வழங்கப்பட்டது.

இம்மரபில் ஒரு கூறு கவனத்துக்குரியது. கல்லைத் தூக்கியவனிடம் ஊரார் பார்த்தது செயலையே. கல் தோளுக்கு ஏறியதா என்பதே கேள்வி. தோள் எவ்வளவு பருத்திருந்தது என்பதன்று. கரளாக்கட்டை சுழற்றுவோரும் தண்டால், பஸ்கி எடுப்போரும் கோதாவில் இறங்கிய பயில்வான்களும் பருத்த உடலை உடையவர்களாக இருந்திருக்கலாம். ஆனால் அவ்வுடல் தனியே மேடையேறிப் பரிசு பெறவில்லை.

உடலையே காட்சிப்பொருளாக்கியவர் ஐரோப்பியரான யூஜின் சாண்டோ (1867–1925). 1901இல் இலண்டன் இராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய உடலழகுப் போட்டியில் எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில் நடுவர்களுள் ஒருவராக அமர்ந்தார். 1904–05இல் சாண்டோ இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். தமிழில் அவர் பெயர் இருவகையில் நிலைத்தது. கையில்லாத பனியன் 'சாண்டோ பனியன்' ஆயிற்று. உடற்பயிற்சியில் தேர்ந்தோர் 'சாண்டோ' என்னும் அடைமொழி பெற்றனர். திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் அவர்களுள் நன்கறியப்பட்டவர். 1920இல் எச்.சி. பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, பயிற்சியைப் பாடமாகவே ஆக்கியது.

அக்காலத்து உடலழகர் எவரிடமும் ஸ்டீராய்டு மாத்திரை இல்லை. அப்பொருளே அன்று இல்லை. 1952இல் உலக ஆணழகன் பட்டம் வென்ற வங்காளத்தின் மனோகர் ஐச் 104 வயது வரை வாழ்ந்து 2016இல் மறைந்தார். ஒருவரின் நீள் ஆயுளைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் முறையன்று. எனினும் அவருடைய நிழற்படத்தை இன்றைய மேடைப் படங்களோடு ஒப்பிடுவோர்க்கு இடையில் நிகழ்ந்தது உணவு மாற்றம் மட்டுமன்று என்பது விளங்கும்.

சுரப்புநீர் மருந்தான கதை

1889இல் பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் பிரௌன்-செக்கார், தம் 72ஆம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைப்பையிலிருந்து எடுத்த சாற்றைத் தமக்கே ஊசியிட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். அந்நீரில் செயல்படத்தக்க அளவு சுரப்புநீர் இருந்திருக்க வழியில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவர் உணர்ந்தது நம்பிக்கையின் விளைவே. காயகற்பத் தேடலை நன்கறிந்த பொதிகைச் சாரலின் மக்களுக்கு இந்நிகழ்ச்சி வியப்பளிக்காது.

1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாகரின் குழு டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டது. அதே ஆண்டில் புட்டெனாண்ட், ருசிக்கா ஆகியோர் அதைச் செயற்கையாகத் தொகுத்தனர். 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவ்விருவர்க்கும் வழங்கப்பட்டது. 1958இல் சிபா நிறுவனம் 'டயனபால்' என்னும் மெதாண்டியெனோன் மாத்திரையை அமெரிக்காவில் சந்தைப்படுத்தியது. ஆர்கனான் நிறுவனத்தின் 'டியூராபோலின்', 'டெகா-டியூராபோலின்' ஆகிய நாண்ட்ரோலோன் ஊசிகள் ஏறத்தாழ அதே காலத்தில் வெளிவந்தன. தசையை வளர்க்கும் பண்பை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்தன்மை தரும் பண்பை அகற்றிவிடலாம் என்பது மருந்தியலாரின் கனவு. அது முழுமையாக நிறைவேறவே இல்லை. இரு பண்புகளும் ஒரே ஏற்பியின் வழியாகவே செயல்படுகின்றன. உடல்நலக் கேடுகள் பலவற்றுக்கும் மூலம் இதுவே.

நோஞ்சான் பிள்ளைக்கு டானிக்

இவ்வரலாற்றில் ஆய்வாளர் பெரிதும் கவனிக்காத பகுதி இது. மேலைநாடுகளில் டயனபால் பளுதூக்குவோரைச் சென்றடைந்த அதே காலத்தில், வளரும் நாடுகளில் வளர்மாற்ற ஸ்டீராய்டுகள் பசியைத் தூண்டவும் மெலிந்த குழந்தைகளைத் தேற்றவும் ஏற்ற மருந்துகளாக முன்னிறுத்தப்பட்டன. ஆக்ஸ்பாம் அமைப்பு 1982இல் வெளியிட்ட டயானா மெல்ரோசின் 'கசப்பு மாத்திரைகள்' என்னும் நூல் ஏழை நாடுகளில் நிகழ்ந்த மருந்து விற்பனை முறைகேடுகளை வெளிப்படுத்தியது. இவ்வகை மருந்துகளும் அதில் இடம்பெற்றன.

தமிழகச் சூழலில் இதன் பொருளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். குழந்தையின் மெலிவுக்குக் காரணம் பசி என்பதை அரசு அறிந்திருந்தது. 1956இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1982 சூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். அரசு அதைச் 'சத்துணவுத் திட்டம்' என்று விரிவாக்கியது. சத்து என்பது சோறும் பருப்பும் காய்கறியும் என்று அரசின் சொல்லாட்சி உறுதிப்படுத்திய அதே காலத்தில், சந்தையின் சொல்லாட்சி அது புட்டியிலும் ஊசிக்குப்பியிலும் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. 'பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறான்' என்ற தாயின் குறைக்கு டானிக் விடையாயிற்று. டானிக் என்ற பெயரில் வந்தவற்றுள் பெரும்பாலானவை வெறும் விட்டமின்களும் இரும்புச் சத்துமே; தீங்கற்றவை, பயனும் குறைந்தவை. அந்தத் தீங்கற்ற கூட்டத்துக்குள் ஸ்டீராய்டும் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்ததுதான் சிக்கல்.

வளர்ச்சிக்கென்று கொடுத்த மருந்து வளர்ச்சியை நிறுத்தவல்லது. நீண்ட எலும்புகளின் முனையில் உள்ள வளர்தட்டு குருத்தெலும்பால் ஆனது; பருவ முதிர்ச்சியின்போது சுரப்புநீர்களின் தூண்டலால் அது எலும்பாகி மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து ஆண்சுரப்புநீர் வந்து சேர்ந்தால் அம்மூடல் முன்கூட்டியே நிகழக்கூடும். குழந்தை சில மாதங்களில் எடை கூடும், பெற்றோர் மகிழ்வர், ஆனால் அடைந்திருக்க வேண்டிய உயரத்தை அது அடையாமல் போகலாம். பெண் குழந்தையானால் குரல் தடிப்பதும் முகத்தில் முடி முளைப்பதும் நிகழலாம். குரல் மாற்றம் பெரும்பாலும் மீளாதது.

வளர்ந்தோருக்கென்று வேறொரு கலவை விற்பனையில் இருந்தது. டெஸ்டோஸ்டிரோன், விட்டமின்கள் ஆகியவற்றோடு யோகிம்பைன், ஸ்ட்ரிக்னின் ஆகியவற்றையும் சேர்த்து 'வீரிய' மருந்தாக்கியிருந்தனர். ஸ்ட்ரிக்னின் என்பது எட்டிக்கொட்டையின் நஞ்சு என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 1982இல் மருந்து, அழகுப்பொருள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 26ஏ பிரிவின்கீழ், 1983 சூலை 23ஆம் நாள் அறிவிக்கையின் வழியாக இந்திய அரசு இக்கலவையைத் தடைசெய்தது. அப்பட்டியலில் அமிடோபைரின் முதலிய பிறவும் உண்டு. அதே 1983இல் சிபா-கெய்கி நிறுவனம் அமெரிக்கச் சந்தையிலிருந்து டயனபாலை விலக்கிக்கொண்டது.

கலவை தடைசெய்யப்பட்டது, தனிமருந்து தடைசெய்யப்படவில்லை. எலும்புத் தேய்வு, சிலவகைக் குருதிச்சோகை, பருவமுதிர்ச்சிக் குறைபாடு ஆகியவற்றுக்கு இம்மருந்துகள் முறையான பயனுடையவை என்பதால் முழுத்தடை பொருந்தாது என்பது உண்மையே. ஆண்சுரப்பு, வளர்மாற்றப் பொருள்கள் 'எச்' அட்டவணையில் வைக்கப்பட்டுள்ளன; பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றி அவற்றை விற்றல் கூடாது. சீட்டின்றி மருந்து வாங்கும் வழக்கம் எத்துணை எளிதானது என்பதை நாட்டில் எந்த மருந்துக்கடையின் முன் நின்றும் அறியலாம்.

மருத்துவ உலகின் பிழை

உடற்பயிற்சிக் கூடங்களில் மருத்துவரின் எச்சரிக்கை ஏன் எடுபடவில்லை என்ற கேள்விக்கு வரலாற்றில் ஒரு விடை உண்டு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1977இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், இம்மருந்துகள் தசை வலிமையைக் கூட்டுவதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. மருந்தை உட்கொண்டவர் கண்ணாடி முன் நின்று கண்டது வேறு. 1984இல் அக்கல்லூரி தன் நிலைப்பாட்டைத் திருத்திக்கொண்டது. அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. பயன் குறித்துத் தவறாகச் சொன்னவர்கள் கேடு குறித்து மட்டும் சரியாகவா சொல்வார்கள் என்ற ஐயம் கூடங்களில் நிலைத்துவிட்டது.

1996இல் ஷாலேந்தர் பாசின் குழுவினர் 43 ஆண்களிடம் நடத்திய ஆய்வு ஐயத்துக்கு இடமின்றிப் பயனை நிறுவியது. வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் 10 வாரம் பெற்றவர்கள், பயிற்சியே செய்யாதபோதும், கொழுப்பு நீங்கிய உடல் எடையில் ஏறத்தாழ 3 கிலோ கூடினர். பயிற்சியும் செய்தவர்கள் ஏறத்தாழ 6 கிலோ கூடினர். மருந்து வேலை செய்கிறது. இதை மறைக்காமல் சொல்லித் தொடங்கும் எச்சரிக்கைக்கே இளைஞர் செவிசாய்ப்பர் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

உடலில் நிகழ்வது

வெளியிலிருந்து சுரப்புநீர் வந்தவுடன் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி தன் தூண்டலைக் குறைத்துக்கொள்கிறது. விதைப்பை சுருங்குகிறது, விந்தணு உற்பத்தி குறைந்து சிலருக்கு முற்றிலும் நின்றுவிடுகிறது. ஆண்மையின் அடையாளமாக வேண்டி உட்கொண்ட மருந்து மகப்பேற்றுத் திறனைப் பறிக்கிறது. மிகைச் சுரப்பின் ஒரு பகுதி பெண்சுரப்பாகிய எஸ்ட்ரடையோலாக மாறுவதால் மார்பகம் பருக்கவும் கூடும். மருந்தை நிறுத்தியபின் இயல்பான சுரப்பு திரும்பப் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். அவ்விடைக்காலத்தில் சோர்வும் மனச்சோர்வும் வருத்துவதால் மீண்டும் ஊசிக்கே திரும்புகின்றனர். இதைச் சார்புநிலை என்றே மருத்துவம் வகைப்படுத்துகிறது.

இதயமே பெரும் கவலைக்குரியது. நன்மை தரும் எச்.டி.எல். கொழுப்பு சரிகிறது, குருதியில் சிவப்பணு மிகுந்து தடிக்கிறது, இதயத்தின் இடக்கீழறைச் சுவர் தடித்து விறைக்கிறது. 2017இல் பாகிஷ் குழுவினர் 140 பளுதூக்கும் ஆண்களை ஆராய்ந்தனர். 86 பேர் ஸ்டீராய்டு பயன்படுத்தியோர், 54 பேர் பயன்படுத்தாதோர். ஒவ்வொரு துடிப்பிலும் இடக்கீழறை வெளித்தள்ளும் குருதியின் பங்கு பயன்படுத்தாதோரிடம் சராசரி 63 விழுக்காடு. பயன்படுத்தியோரிடம் 52 விழுக்காடு. வெளித்தோற்றத்தில் வலிமை மிகுந்தவரே இதயத்தில் நலிந்தவர். மருந்தை நிறுத்தியவரிடம் இச்சுருங்கும் திறன் பெரும்பாலும் தேறியிருந்தது. இதயத் தமனிகளில் படிந்த கொழுப்போ, பயன்படுத்திய ஆண்டுகள் கூடக் கூட மிகுந்திருந்தது.

வாய்வழி மாத்திரைகள் பல, கல்லீரலில் எளிதில் சிதையாதவாறு மாற்றியமைக்கப்பட்டவை. அவ்வமைப்பே கல்லீரலுக்குச் சுமையாகிறது: பித்தத் தேக்கம், மஞ்சள் காமாலை, குருதி நிறைந்த பைகள், கட்டிகள். சிறுநீரக வடிகட்டி தழும்பேறுதலும் பதிவாகியுள்ளது. கள்ளச்சந்தைக் குப்பிகளில் மேலுறை சொல்லும் பொருளும் அளவும் உள்ளே இருப்பதில்லை என்பதும், ஊசியைப் பகிர்வதால் கல்லீரல் அழற்சி, எச்.ஐ.வி. தொற்றுகள் பரவுவதும் தனிக் கேடுகள்.

'ஊக்கமருந்து' என்னும் சொல்

பன்னாட்டு ஒலிம்பிக் குழு 1975இல் வளர்மாற்ற ஸ்டீராய்டுகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. 1976 மொண்ட்ரியால் ஒலிம்பிக்கில் அவற்றுக்கான சோதனை நடைமுறைக்கு வந்தது. 1988 சியோலில் பென் ஜான்சன் ஸ்டானோசோலோல் பயன்படுத்தியதால் தங்கத்தை இழந்த செய்தி உலகெங்கும் பரவியது. தமிழ் இதழியலில் இப்பொருள்கள் 'ஊக்கமருந்து' என்று பெயர் பெற்றன. திருக்குறளின் 60ஆம் அதிகாரம் 'ஊக்கம் உடைமை'. ஊக்கம் என்பது தமிழில் தூய நற்பண்பு. குறைகூற இடமில்லாத சொல். அச்சொல்லை முன்னொட்டாகப் பெற்ற மருந்து, தண்டிக்கப்பட்டபோதும் நற்பெயரோடே வலம்வருகிறது. தவறு போட்டி விதியில்தான், பொருளில் இல்லை என்ற பொருள்கோடல் எளிதாகிறது.

2011இல் இந்தியப் பெண்கள் தொடரோட்ட வீராங்கனையர் பலர் மெதாண்டியெனோன் முதலிய ஸ்டீராய்டுச் சோதனையில் சிக்கினர். ஜின்செங் மூலிகை உட்கொண்டதே காரணம் என்று விளக்கம் தரப்பட்டது. இந்தியக் குழு ஓராண்டுத் தடை விதித்தது. விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2012இல் அதை இரண்டாண்டாக்கியது. உடலில் கண்டறியப்பட்ட பொருளுக்கு வீரரே பொறுப்பு என்பது இத்துறையின் விதி. 'சத்துக்காக உண்டேன்' என்பது விடையாகாது. 2019 ஏப்ரலில் தோகாவில் ஆசிய 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 02.70 நொடியில் வென்ற திருச்சிராப்பள்ளி மாவட்டம் முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்துவின் பதக்கம் பின்னர்ப் பறிக்கப்பட்டது. நான்காண்டுத் தடையும் விதிக்கப்பட்டது. அவர் குற்றத்தை மறுத்தார். அவருடைய மாதிரிகளில் கண்டது நாண்ட்ரோலோனின் சிதைபொருள். முதியோர்க்கு 'எலும்புக்குச் சத்து' என்று போடப்படும் ஊசியும் அதே நாண்ட்ரோலோன்தான். எந்த வழியில் அது அவர் உடலுக்குள் சென்றிருந்தாலும், ஒரே பொருள் ஓரிடத்தில் சத்தாகவும் வேறோரிடத்தில் குற்றமாகவும் விளங்குவதை இவ்வழக்கு காட்டுகிறது.

2022ஆம் ஆண்டின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் போட்டியாளரை நோக்கியது. எந்தப் போட்டிக்கும் செல்லாமல், திருமண வரவேற்புக்கும் நிழற்படத்துக்கும் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞரை அது தொடுவதில்லை. உலகளவில் அத்தகையோரே பெரும்பான்மையர். 2014இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, வாழ்நாளில் ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் 6.4 விழுக்காடு என்று மதிப்பிட்டது. அமெரிக்கா 1990இல் தனிச்சட்டம் இயற்றி இவற்றைக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களோடு சேர்த்தது. இந்தியாவின் போதைப்பொருள் சட்டம் இவற்றைச் சேர்க்கவில்லை.

ஒரே சொல், எதிர்ப்பட்ட பொருள்

'ஸ்டீராய்டு' என்னும் கடன்சொல் வேறொரு குழப்பத்தைக் கொண்டுவந்தது. ஆஸ்துமாவுக்கும் மூட்டழற்சிக்கும் தரப்படும் டெக்ஸாமெதசோன், பிரெட்னிசோலோன் ஆகியவையும் ஸ்டீராய்டுகளே. அவை அண்ணீரகப் புறணிச் சுரப்பின் வழிவந்தவை; நீண்டநாள் எடுத்தால் தசையைச் சிதைப்பவை. வளர்மாற்ற ஸ்டீராய்டோ தசையைப் பெருக்குவது. 2021இல் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது தமிழ்ச் செய்தித்தாள்கள் 'ஸ்டீராய்டு' என்று எழுதியது முதல்வகையை. நாட்டுமருந்துகளில் கள்ளத்தனமாகக் கலக்கப்படுவதாக இந்திய மருத்துவ ஆய்விதழ்கள் பதிவுசெய்திருப்பதும் பெரும்பாலும் முதல்வகையே. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்கியதன் விளைவு இருமடங்கு: உறிஞ்சுமருந்து தேவைப்படும் ஆஸ்துமா நோயாளி 'ஸ்டீராய்டு' என்று கேட்டு அஞ்சுகிறார், தசை வளர்க்கும் இளைஞர் 'அது நோயாளிகளுக்குக் கொடுப்பது, நான் எடுப்பது வேறு' என்று அஞ்சாமலிருக்கிறார். 'வளர்மாற்ற' என்னும் கலைச்சொல்லும் குறையற்றதன்று; வளர்ச்சி என்னும் இனிய ஒலி அதிலும் உண்டு. 'ஆண்சுரப்பு மருந்து' என்று வெளிப்படையாக வழங்கினால் என்ன என்பதைக் கலைச்சொல் அறிஞர்கள் ஆராயலாம்.

சொல்லாராய்ச்சியின் பயன் மருத்துவமனையில்தான் தெரியவரும். இலஞ்சியிலோ குற்றாலத்திலோ வாழும் இருபது வயது இளைஞர் ஒருவர் படபடப்போடும் உயர்ந்த குருதியழுத்தத்தோடும் தென்காசியில் மருத்துவர் முன் அமர்கிறார் என்று கொள்வோம். 'ஸ்டீராய்டு எடுத்தீர்களா?' என்ற கேள்விக்கு அவர் 'இல்லை' என்பார். அவர் மனத்தில் அது பொய்யன்று. 'ஜிம்மில் யாரேனும் சத்து ஊசி போட்டார்களா? உடம்பு ஏற மாத்திரை கொடுத்தார்களா? எத்தனை வாரம்?' என்று கேட்டால் விடை வேறாகலாம். இதய ஒலிவரைவும் கல்லீரல், கொழுப்பு, சுரப்புநீர்ச் சோதனைகளும் எழுதப்படுமா என்பது அவ்விடையைப் பொறுத்தது.